பெரிதாகத் தெரிந்தால் போதுமா?

அமெரிக்காவின் வடக்கே இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்துக்கு நவம்பர் மாதம் ஒரு தனித் திருவிழா உண்டு. 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம் தொடங்கும். மொத்தம் ஒன்பதே நாட்கள். அதற்காக ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் முறைப்படி உரிமம் வாங்குகிறார்கள். தாத்தாவும் பேரனும், அப்பாவும் மகளுமாக விடியும் முன்பே காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மான் கிடைத்தால், அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டு ஃபிரீசரில் இறைச்சி இருக்கும்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் சேரும். புதிதாக வேட்டைக்குப் போகிறவர் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பதில்கூட அவ்வளவு குழம்ப மாட்டார். அதன் மேல் பொருத்தும் தொலைநோக்கிக் குழாயான 'ஸ்கோப்' முன்னால் வந்துதான் திகைத்து நிற்பார். நூறு டாலருக்கும் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜெர்மனியின் ஸைஸ் போன்ற நிறுவனங்களின் பெயர் போட்டது இரண்டாயிரம் டாலருக்கும் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களின் கை போவது நடுவே உள்ள இருநூறு முதல் ஐந்நூறு டாலர் வரையிலான வரிசைக்குத்தான். அந்த வரிசையில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்?

எட்டு அங்குல வட்டம்

வெண்வால் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்குள் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். நம் வீட்டுச் சிற்றுண்டித் தட்டின் அளவு. குண்டு அங்கே பட்டால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். அரை அடி பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால், வலியோடு ஓடிப்போய் எங்கோ புதருக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும். சுட்டவர் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே இருட்டில் தேடி அலைய வேண்டியதுதான். அப்படித் தேடியாக வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது.

ஸ்கோப் என்பது வேட்டைக்காரரின் வசதிக்கான பொருள் மட்டும் அல்ல. ஓர் உயிர் துடிக்காமல் போவதா, துடித்துப் போவதா என்பதும் அந்தக் கண்ணாடியைப் பொறுத்திருக்கிறது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்கக் கடைகளில் மான் வேட்டைக்கென்று அதிகம் கேட்கப்படுவது 3–9×40 என்ற அளவு. முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கம். ஒரு வளையத்தைத் திருகினால் காட்சியை மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கலாம். கடைசி எண், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்கிறது.

பக்கத்திலேயே 6–24×50 என்று இன்னொன்று இருக்கும். இருபத்து நான்கு மடங்கு! விலையும் கிட்டத்தட்ட அதேதான். புதியவரின் மனம் அங்கேதான் வழுக்கும். ஒன்பதைவிட இருபத்து நான்கு பெரிது அல்லவா?

காட்டில் கணக்கு வேறு. விஸ்கான்சின் போன்ற அடர்ந்த மரக்காடுகளில் மான் தென்படுவது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான். அது சுமார் 91 மீட்டர். மூன்று மடங்கில் பார்த்தால், நூறு கஜத் தொலைவில் ஏறக்குறைய 33 அடி அகலம் கண்ணில் படும். ஒன்பது மடங்கில் அது பன்னிரண்டு, பதின்மூன்று அடியாகச் சுருங்கிவிடும். இருபத்து நான்கில் ஒரு சன்னல் அளவுதான் மிஞ்சும். ஸ்கோப்பை ஒன்பதிலேயே விட்டுவிட்டு நடக்கிறவருக்கு முப்பது கஜத்தில் மான் எழுந்து நின்றால், கண்ணாடி முழுக்கப் பழுப்பு ரோமம்தான் தெரியும். அது முதுகா, தொடையா என்பது புரிவதற்குள் மான் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் வளையத்தை மூன்றிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். தூரத்தில் நிதானமாக நிற்கும் மானைக் கண்டால் பெரிதாக்கிக்கொள்ள நேரம் இருக்கும். பக்கத்தில் வந்து நிற்கும் மான் அந்த நேரத்தைத் தராது.

இன்னொன்று: உருவத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி கைநடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அந்திப் பொழுதின் கணக்கு

மான்கள் நடமாடுவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுட அனுமதி உண்டு. ஆக, ஸ்கோப்பின் உண்மையான பரீட்சை நடப்பது அரை இருட்டில்.

இதற்கு ஓர் எளிய வகுத்தல் கணக்கு இருக்கிறது. முன்பக்க லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். நாற்பதை ஒன்பதால் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். ஆறால் வகுத்தால் 6.7. இருட்டில் நம் கண்பாவை இளவயதில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆக ஐந்து, அதற்கும் கீழே என்று குறையும். அந்தியில் ஒன்பது மடங்கில் மங்கித் தெரியும் மான், ஆறுக்கு இறக்கியதும் பளிச்சென்று துலங்குவது இதனால்தான். அந்த இருபத்து நான்கு மடங்கு ஸ்கோப்பை முழுதாகத் திருகினால் கண்ணுக்கு வருவது இரண்டு மில்லிமீட்டர் கற்றை. அந்தியில் அது கிட்டத்தட்ட இருட்டு.

லென்ஸின் விட்டம் போலவே அதன் மேல் இருக்கும் பூச்சும் முக்கியம். பூச்சு இல்லாத கண்ணாடி, ஒளி நுழையும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய நான்கு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் அப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே காலி. ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா என்ற இயற்பியலாளர் 1935-ல் இதற்கு ஒரு மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்று நடுத்தர விலையிலேயே எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு கிடைக்கிறது. பெட்டியின் மேல் 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெறும் 'கோட்டட்' என்று இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு அடுக்குப் பூசியிருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம்.

நடுக்குழாய் ஒரு அங்குலமா, 30 மில்லிமீட்டரா என்றும் கடையில் பேச்சு வரும். தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. குறியைத் திருத்துவதற்கு உள்ளே கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். நூறு கஜ வேட்டைக்கு ஒரு அங்குலக் குழாயே தாராளம்.

பனியும் உதையும்

நவம்பர் காலை உறைபனிக் குளிராக இருக்கும். வெதுவெதுப்பான காரிலிருந்து காட்டுக்கு வந்ததும், குழாய்க்குள் ஈரக்காற்று இருந்தால் லென்ஸின் உட்புறம் ஆவி படிந்துவிடும். வெளியே படிந்தால் துணியால் துடைக்கலாம். உள்ளே படிந்தால் அன்றைய நாள் முடிந்தது.

இதற்குப் பின்னால் ஒரு மான் கதை உண்டு. ஒரிகான் மாநிலத்தில் நில அளவைக் கருவிகள் செய்துகொண்டிருந்த குடும்பம் லூபோல்டு. அந்தக் குடும்பத்தின் மார்க்கஸ் லூபோல்டு வேட்டைக்குப் போன இடத்தில் ஸ்கோப்பில் ஆவி படிந்து குறி தவறியது, மான் தப்பித்தது. இதைவிட நல்லதை நாமே செய்யலாமே என்று இறங்கினார். அவர்களின் முதல் ஸ்கோப் 1947-ல் வந்தது. குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி அடைக்கும் முறையையும் அவர்கள் கையாண்டார்கள். இன்று நடுத்தர விலை ஸ்கோப்களில் இது சாதாரண விஷயமாகிவிட்டது.

பனிக்கு அடுத்தது துப்பாக்கியின் பின்னுதை. வெடித்த கணத்தில் ரைஃபிள் பின்னோக்கி உதைக்கும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு வெட்டு வைத்துவிடும். அமெரிக்க வேட்டைக்காரர்களில் சிலரின் நெற்றியில் அந்தப் பிறைத் தழும்பைப் பார்க்கலாம். ஆகவே கண்ணை அவ்வளவு தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இருந்த இடத்தில் இருக்க வேண்டும்

துப்பாக்கியும் ஸ்கோப்பும் ஒரே புள்ளியைக் காட்டும்படி சரிசெய்வதை அங்கே 'ஜீரோ' வைப்பது என்பார்கள். ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள குமிழ்களைத் திருகினால் 'கிளிக்' என்று ஒலிக்கும். பெரும்பாலானவற்றில் ஒரு கிளிக், நூறு கஜத்தில் கால் அங்குலம். குண்டு மூன்று அங்குலம் இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் பன்னிரண்டு கிளிக். ஐம்பது கஜத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அதே மூன்று அங்குலத்துக்கு இருபத்து நான்கு.

மலிவான ஸ்கோப் அகப்படுவது இங்கேதான். கிளிக் சத்தம் வரும், குறி நகராது. அல்லது நாலு முறை சுட்டதும் வைத்த இடத்திலிருந்து தானாக நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. முதலில் அட்டையில் சுட வேண்டும். பிறகு வலப்பக்கம் இருபது கிளிக், மேலே இருபது, இடப்பக்கம் இருபது, கீழே இருபது என்று திருகி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியைக் குறிவைத்துச் சுட வேண்டும். துளைகள் சதுரமாக விழுந்து, கடைசித் துளை முதல் துளையின் பக்கத்திலேயே வந்து சேர்ந்தால் அந்த ஸ்கோப்பை நம்பலாம்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களிலும் கஞ்சத்தனம் கூடாது. திருகாணி தளர்ந்தால் இரண்டாயிரம் டாலர் ஸ்கோப்பும் வேறெங்கோ பார்க்கும். அளவுக்கு மீறி முறுக்கினால் குழாயே நசுங்கும்.

லூபோல்டு, விஸ்கான்சினிலேயே இருக்கும் வோர்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆயுள் உத்தரவாதம் தருகின்றன. ரசீது கேட்பதில்லை, கை மாறி வந்த பழைய ஸ்கோப்பானாலும் சரிசெய்து தருகின்றன. நடுத்தர விலைக்காரருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் காட்டில் கைவிட்ட ஸ்கோப்பை உத்தரவாதம் அந்த நிமிடத்தில் காப்பாற்றாது. மிச்சமாகும் பணத்தைக் குண்டுகளுக்குச் செலவழித்து, சீசனுக்கு முன்பே பயிற்சி செய்யச் சொல்கிறார்கள் மூத்தவர்கள்.

கடையில் ஐந்து நிமிடம்

கடையின் குழல் விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் போய், கடைக்காரரிடம் கேட்டு, துப்பாக்கியில் பொருத்தாத ஸ்கோப்பை வாசலுக்குக் கொண்டுவந்து, எதிரே மர நிழலிலோ கூரைக்கு அடியிலோ இருக்கும் இருட்டைப் பார்க்க வேண்டும். நிழலுக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறதா? வட்டத்தின் ஓரம் வரை தெளிவு இருக்கிறதா? மூன்றில் வைத்துப் பார்க்கும்போதும் குறுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தடிப்பாகத் தெரிகின்றனவா? கையுறையோடு வளையத்தைத் திருக முடிகிறதா? இந்த நான்குக்கும் 'ஆம்' என்றால் விலைச்சீட்டைப் புரட்டலாம்.

எந்த ஸ்கோப்போடும் தனியாக ஒரு பைனாகுலர் வாங்கச் சொல்வதும் உண்டு. புதருக்குள் அசைவது மானா, மனிதனா என்று ஸ்கோப் வழியே பார்த்தால், துப்பாக்கியின் வாயும் அந்தப் பக்கமே நீண்டிருக்கும். அதனால் முதலில் பைனாகுலர், உறுதியான பிறகே ஸ்கோப். வேட்டைக்காரர்கள் பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் இளஞ்சிவப்பு நிற உடை அணிய வேண்டும் என்ற விஸ்கான்சின் சட்டமும் இதே பயத்தில் பிறந்ததுதான். ஆரஞ்சு நிறம் மனிதக் கண்ணில் அடிக்கும், மானின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது.

இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று மான் வேட்டைக்கு இடமில்லை. ஆனால் வேடந்தாங்கலில் பறவை பார்க்கப் பைனாகுலர் வாங்குகிறவருக்கும் இதே எண்கள்தான். 8×42 என்று இருந்தால் நாற்பத்திரண்டை எட்டால் வகுக்கலாம், 5.25 வரும், அந்தி வேளைக்கும் போதும். 20×50 என்று ஆசை காட்டினால் ஐம்பதை இருபதால் வகுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த அலமாரிக்கு நகரலாம்.