கிரவல் பாதையும் முத்துராஜவெலச் சதுப்பும்

2022ஆம் ஆண்டில் எரிபொருள் வற்றிய மாதங்களில், கொழும்பு மாநகரம் தான் மறந்துபோன ஒரு வாகனத்தைத் தேடி எடுத்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கொல்லைப்புறத்தில் துருவேறிக் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் எண்ணெய் பூசப்பெற்று வீதிக்கு வந்தன. ஆசிரியரும் எழுதுவினைஞரும் மிதித்துக்கொண்டே பணிக்குச் சென்றனர். பெற்றோல் திரும்பி வந்ததும் அவ்வண்டிகளுட் பல பழைய மூலைக்கே போய்ச் சேர்ந்தன. ஆயினும் ஒரு சாரார் சைக்கிளை விட்டாரில்லை. அவர்களுட் சிலர் ஞாயிறு விடியலில் வடக்கே புறப்படுகின்றனர். தடித்த டயரும் வளைந்த கைபிடியும் உடையதாய், தார் வீதிக்கும் மண்பாதைக்கும் ஒருங்கே ஏற்றதாய் வந்துள்ள புதுவகை வண்டியைக் 'கிரவல் சைக்கிள்' என்பர். அதில் ஏறிக் களனி கங்கையைக் கடந்தால், ஹமில்டன் கால்வாயின் கரையோடு, முத்துராஜவெலச் சதுப்பை வலப்புறம் வைத்து, நீர்கொழும்புக் களப்பு வரை செல்லலாம். யானும் அவ்வழியே பலமுறை சென்றவன். என் வண்டி பழையது என்பதொன்றே வேறுபாடு.

இவ்வழியைப் பற்றி இப்போது ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. கிரவலும் குழியுமாய்க் கிடக்கும் பகுதிகளையெல்லாம் கார்ப்பட் வீதியாக்கி, உல்லாசப் பயணிகளை அழைக்கவேண்டும் என்பது அது. கேட்பதற்கு இனியதுதான். ஆனால் அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

சதுப்பின் வரலாற்றை முதலில் நோக்குவோம். 'வெல' என்பது சிங்களத்தில் வயல். ஒல்லாந்தர் இங்கு நெல் விளைக்க முயன்றனர், உப்புநீர் விடவில்லை. அந்நீரை வடிப்பதற்கென 1802இல் ஆங்கிலேயர் தொடங்கிய கால்வாயே, ஹமில்டன் என்னும் அதிகாரியின் பெயரைத் தாங்கி இன்றும் பதினான்கு கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. நெல்லோ விளையவில்லை. விளையாததனாலேயே சதுப்பு பிழைத்தது எனலாம். அதன் வடபகுதி 1996இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சதுப்பும் களப்பும் சேர்ந்து ஆறாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட ஒரே நீர்த்தொகுதி. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2003இல் வெளியிட்ட மதிப்பீடு, இச்சதுப்பு ஆண்டுதோறும் ஆற்றும் தொண்டுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் டொலர் விலை கண்டது. அதில் பெரும்பகுதி வெள்ளத்தை ஏற்றுத் தாங்கும் பணிக்கே உரியது. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலோடும் களனி கங்கை பெருகிய நாட்களை நினைவுகூர்வோருக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சதுப்பு குறைந்துகொண்டே வருகிறது. கெரவலப்பிட்டியில் குப்பை கொட்டப்பட்டது, மின்நிலையங்கள் எழுந்தன. 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை சதுப்பின் ஊடே போகிறது. அதில் செல்வோர் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், கண்ணாடிக்கு அப்பால் பச்சை நிறம் ஒன்றைக் காண்கின்றனர், அவ்வளவே. துவிச்சக்கரவண்டிக்கு அங்கு இடமில்லை. 2021இல் சதுப்பு நிலத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில் ஒப்படைக்க வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் எதிர்த்து நீதிமன்றத்தை நாடினார். அதே கொழும்பு நகரம் 2018இல் உலகின் முதல் ராம்சார் ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உல்லாசப் பயணத்தை நான் வெறுப்பவன் அல்லன். ஒஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்கும் இடையே நொய்சீட்லர் என்றோர் ஏரி உண்டு. ஆழம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. நம் நீர்கொழும்புக் களப்பைப் போலவே அகன்று மெலிந்த நீர். கரையைச் சுற்றிப் பரந்த நாணற்காடு. அதற்கு அப்பால் திராட்சைத் தோட்டங்கள். இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து எழும் மூடுபனி பழத்தோலில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்க்க, பழம் சுருங்கி இனிப்பேறி, அவ்வூரின் புகழ்பெற்ற தித்திப்பு வைன் உண்டாகிறது. ஏரி இல்லையேல் அந்த மது இல்லை. ஆகவே தோட்டக்காரனுக்கு ஏரியின் மீது அக்கறை இருக்கிறது. 1993இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏரி இடம்பெற்றது. சைக்கிள்காரர் கூட்டங் கூட்டமாய் ஏரியைச் சுற்றுகின்றனர், மது அருந்துகின்றனர், பறவைகளைப் பார்க்கின்றனர். ஆயினும் பூங்காவின் உள்வலயத்தில் எவரும் கால்வைக்க முடியாது.

நம் பக்கத்திலும் மது இருக்கிறது. நீர்கொழும்புக்கு வடக்கே மாரவில வரை தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன்மேல் நடந்து கள் இறக்குவோரைக் காணலாம். முத்துராஜவெலவின் பெயர் பத்திரிகையில் வரும்போதோ பெரும்பாலும் அது கசிப்புச் செய்தியாகவே இருக்கும். பற்றைக்குள் மறைந்த வடிசாலையும் பொலிசாரின் முற்றுகையும்! இந்த மதுவுக்குச் சதுப்பு மறைவிடமேயன்றி உயிர்நிலை அன்று. ஆகவே ஒஸ்திரியத் தோட்டக்காரனுக்கு நிகரானவனை இங்கே மதுவில் தேடிப் பயனில்லை, மீனில் தேடவேண்டும்.

நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலை மீனவர் தலைமுறை தலைமுறையாகச் சங்கம் அமைத்து, இன்னார் இன்ன இடத்தில் வலை நாட்டலாம் எனச் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்பவர். கடலுக்குத் திரும்பும் இறாலே அவர்களுடைய விளைச்சல். கண்டற் காடு அழிந்தால் இறாலும் இல்லை. அக்கரையில் பலர் இன்றும் தமிழும் பேசுவர். களப்பின் கதையை நம் மொழியிலேயே கேட்கலாம். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எத்தனை பேர் அதற்கென வண்டியை நிறுத்துகிறார்கள்?

நற்றிணையின் பதினோராம் பாட்டைக் கற்பித்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று நினைவுவரும். தலைவியைக் காண நெய்தற் கரையில் விரைந்து வரும் தேர். ஆயினும் மணலில் ஓடும் நண்டுகள் சில்லின்கீழ் அகப்படாதவாறு பாகன் கடிவாளத்தைப் பார்த்துப் பிடிக்கிறான். உலோச்சனார் பாடியது. நெய்தல் நிலத்தில் சக்கரம் ஓடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எப்படி ஓடவேண்டும் என்று காட்டினார்.

கிரவல் பாதையின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. அது வேகத்தைத் தானே குறைக்கிறது. மழை பெய்தால் நீரை உறிஞ்சுகிறது. எல்லாவற்றிலும் மேலாக, மண் ஏற்றிய டிப்பருக்கு அது உகந்ததன்று. சதுப்பை நிரப்பியவர் எவரும் தலைச்சுமையாய் மண் கொண்டுவரவில்லை; முதலில் நல்ல வீதி வந்தது, பின்னே டிப்பர் வந்தது, அதன் பின்னே மதில் வந்தது. உல்லாசத்துக்கென இடும் கார்ப்பட்டில் அந்த டிப்பரும் ஓடும். அதைத் தடுக்கக் காவலர் போதாது என்பதை, சரணாலய எல்லையோரத்தில் மேடாகிவிட்ட காணிகளைப் பார்த்தவர் அறிவர்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. மீனவர் குடியிருப்புகளுக்கும் பாடசாலைகளுக்கும் செல்லும் வீதிகள் செப்பமாக வேண்டும். அது அவர்களுடைய உரிமை. சதுப்பை ஒட்டிய கரைப்பாதை மட்டும் கிரவலாகவே இருக்கட்டும். குழியை மூடி, இரு முனையிலும் பாரவண்டி நுழையாதபடி கல்நட்டால் போதும். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் தோணிக்குச் செல்பவரும் அதற்குள் போய் வரலாம். புதிய வீதி அமைப்பதிலும் செலவு குறைவு. நகர அபிவிருத்தி அதிகார சபையும் வனசீவராசிகள் திணைக்களமும் கூடிப் பேசுமாயின், நீர்கொழும்பு மீனவர் சங்கங்களை அழைத்த பின்னரே பேசவேண்டும். ஞாயிறு தோறும் செல்லும் நம்மையும் அழைப்பார்களாயின், கடைசி வாங்கில் அமர்ந்து கேட்டுக்கொள்ளலாம்.