பயிற்சிக்கு வித்து வேட்கையே

இசை பயிலும் மாணவர் ஆசிரியர் முன் அமர்ந்திருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரமே. எஞ்சிய நாள்களில் வீட்டில் தாமே பாடிப் பழகாவிடில் அவ்வகுப்பால் விளையும் பயன் சிறிது. சரளி வரிசையிலேயே சலிப்புற்று இசையைக் கைவிடும் இளையோர் பலர். கண்டிப்பு ஒன்றே இதற்கு மருந்து எனப் பெற்றோரும் ஆசிரியரும் கருதுகின்றனர். கேட்கும் வேட்கையை உண்டாக்குவதே முதல் மருந்து என்பது என் கருத்து.

இதற்குக் காஞ்சிபுரத்திலேயே சான்று உண்டு. 1919ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்த டி.கே. பட்டம்மாளுக்கு, குருவின் இல்லத்தில் தங்கிப் பயிலும் குருகுலக் கல்வி வாய்க்கவில்லை. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை போன்ற பெருங்கலைஞர்களின் இசையரங்குகளை அவர் கூர்ந்து கேட்டார். வீடு திரும்பியதும், கேட்ட கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி எழுதினார். உடன்பிறந்தோர் அதற்குத் துணைநின்றனர். அம்பி தீட்சிதர் முதலியோரிடமும் பாடல்களைக் கற்றார். இராகம் தானம் பல்லவி பாடுவதில் பெரும்புகழ் பெற்ற அவருக்கு 1970ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது வழங்கப்பெற்றது.

பட்டம்மாள் போன்ற மேதையருக்கு வேட்கை இயல்பாக அமையும். ஏனையோருக்குக் கண்டிப்பே தேவை எனச் சிலர் கூறலாம். ஒழுங்கு தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால், கண்டிப்பு மாணவரை ஒரு மணி நேரம் அமர வைக்குமேயன்றி அவர்தம் செவியைத் திறக்காது. செவி திறவாமல் பலமுறை பாடினால் பிழையே உறுதிப்படும்.

ஆகவே, ஆசிரியர் செய்யத்தக்கன மூன்று. மாயாமாளவகௌளையில் வரிசைகளைக் கற்பிக்கும்போதே அவ்விராகக் கீர்த்தனை ஒன்றைக் கேட்கச் செய்யலாம். 'நன்றாகப் பழகி வா' எனப் பொதுவாகச் சொல்லாமல், 'இவ்வொரு வரிசையை இரண்டாம் காலத்தில் தாளம் பிசகாமல் பாடி வா' எனச் சிறு பணி தரலாம். உடன் பயில்வோர் இருவரை இணைத்து, ஒருவர் பாட மற்றவர் தாளமிடச் செய்யலாம். காஞ்சிபுரத் தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போதும், கரைக்குரிய நாடாவை எறிய அருகில் மற்றொருவர் அமர்கிறார். துணையுள்ள உழைப்பில் சோர்வு குறைகிறது.

மாணவர்களே! நீங்கள் பயிலும் கலை எதுவாயினும், அதன் சிறந்த வடிவத்தை முதலில் கேளுங்கள், காணுங்கள். அதனை எட்ட வேண்டும் என்னும் விருப்பம் பிறந்தபின், பயிற்சிக்கு எவரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை.