மேகம் குடையா, கம்பளியா?

மேகம் கவிந்தால், "அப்பாடா, வெயில் தணிந்தது!" என்று மகிழ்கிறோம். நமக்கு அது குடை. ஆனால் வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்தில் அது பெரும்பாலும் கம்பளி! அங்கே வெண்பனியே வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது; மேகத்தின் நிழலால் அதிக லாபமில்லை. ஆனால் தரையிலிருந்து மேலே போகும் உஷ்ணத்தை மேகம் தடுத்து நிறுத்திவிடுகிறது.

ஆகவே, அங்கே எவ்வளவு மேகம் இருக்கிறது என்று கணக்கெடுப்பது அவசியம். செயற்கைக் கோளிலிருந்து பார்த்தால் தெரியாதா என்பீர்கள். கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. வெள்ளைப் புடவையில் வெள்ளை நூலைத் தேடுகிற கதைதான்! குளிர்காலத்திலோ வாரக்கணக்கில் சூரியனே உதிப்பதில்லை. உஷ்ணத்தை அளந்து கண்டுபிடிக்கலாமென்றால், பல சமயம் மேகத்தைவிடத் தரைதான் அதிகமாகக் குளிர்ந்து கிடக்கிறது!

விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை வெண்பனி விழுங்கிவிடும். நீர்த்துளி மேகம் திருப்பி அனுப்பும். அந்த ஒளியில் எடுத்த படத்தில் பனி கறுப்பு, மேகம் வெளுப்பு! இருட்டுக்கு வேறு உபாயம். 2006-ல் சென்ற 'கலிப்ஸோ' லேசர் ஒளியையும், 'கிளவுட்சாட்' ரேடார் அலையையும் தாமே அனுப்பி, மேகத்தில் பட்டுத் திரும்பியதை அளந்தன. 2023-ல் அவற்றின் பணி முடிந்தது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய 'எர்த்கேர்' இரண்டு கருவிகளையும் சுமந்து சென்றது.

இவ்வளவு பாடு எதற்கு? 2012 ஜூலையில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் மேற்புறம் நூற்றுக்கு 97 பங்கு உருகியது. பத்தாயிரம் அடிக்கு மேல் உயரமான உச்சியும் தப்பவில்லை. வெதுவெதுப்பான காற்று வீசியது உண்மைதான். ஆனால் உச்சியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் கருவிகள் இன்னொரு காரணத்தையும் காட்டிக்கொடுத்தன: தாழ்வாக மிதந்த மெல்லிய நீர்த்துளி மேகம். வெயிலை உள்ளே விடும் அளவுக்கு மெல்லியது. உஷ்ணத்தை வெளியே விடாத அளவுக்குக் கெட்டி. சற்றுக் கனத்திருந்தாலும் சற்று மெலிந்திருந்தாலும் அந்த உச்சி உருகியிராது என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

வானிலையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் கணக்குகள் பல இந்த மேகத்திடம்தான் ஏமாறுகின்றன. கடுங்குளிரிலும் உறையாமல் நீராகவே மிதக்கும் துளிகளைப் பனித்துகள் என்று எண்ணிவிடுகின்றன. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அது எவ்வளவு வேகமாக உருகும் என்று சொல்வதற்கு முதலில் அந்த மெல்லிய மேகத்தைச் சரியாக அளந்தாக வேண்டும்.