தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

“எனக்குப் பிறகு இவனுக்கு யார்?”

அறுபதைக் கடந்த தாய் கேட்கிறாள். மகனுக்கு நாற்பது வயது. மீசையில் நரை கண்டுவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவன் ‘குழந்தை’! கணக்கு வராது, கடிதம் எழுதத் தெரியாது, பேச்சு குழறும். எனினும், எந்தச் சட்டை பிடிக்கும், எந்தக் குழம்பு வேண்டும், எந்தத் தெருவில் நடந்தால் மனம் மகிழும் என்பது அவனுக்குத் தெரியும். அவனை மட்டும் எவரும் கேட்பதில்லை.

தாயின் கேள்விக்கு நாடு தரும் விடைகளைப் பாருங்கள், தோழர்களே!

“முன்வினைப் பயன்” என்கிறார் புராணிகர். குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதே டவுன் சிண்ட்ரோமின் காரணம் என்று 1959-லேயே விஞ்ஞானம் கண்டு சொல்லிவிட்டது. பிறக்கும் வேளையில் மூளைக்கு உயிர்க்காற்று எட்டாவிட்டால் என்ன நேரும் என்பதைப் பிரசவ அறைச் செவிலி அறிவாள். எனினும் பழி, தாயின் வயிற்றின் மீது! பழிக்கு அஞ்சும் குடும்பம், அக்காளைப் பெண் பார்க்க வருகிற நாளிலே தம்பியைக் கொல்லைப்புற அறையிலே அடைக்கிறது. 2011 மக்கள் கணக்கெடுப்பு, இந்தியா முழுவதிலும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்றது. கணக்கெடுக்க வந்தவர் வாசற்கதவைத் தட்டியபோது, கொல்லைப்புறக் கதவும் திறந்ததா என்பதை யார் அறிவார்!

“ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்” என்கிறார் மாமா. உண்மையை மறைத்து, ஏழை வீட்டுப் பெண்ணொருத்தியைச் சம்பளமில்லாத ஆயாவாக ஆயுள் முழுதும் அமர்த்துவதற்குப் பெயர் கால்கட்டு! அதற்கு மேளம் ஒரு கேடு, மந்திரம் ஒரு கேடு!

மூன்றாமவர், வள்ளல். “அவர்கள் தெய்வக் குழந்தைகள், இல்லத்திலே சேர்த்துவிடுங்கள்” என்கிறார், கண் பனிக்க. வள்ளல் வீட்டிலே பிறந்த நாள் என்றால் இல்லத்திலே வடை பாயசம். ஐம்பது வயது மனிதர்கள் வரிசையாய் உட்கார்ந்து, கைதட்டி வாழ்த்துப் பாடி, நிழற்படத்துக்கு முகம் காட்டிய பிறகே இலையில் சோறு விழுகிறது. தெய்வம் என்றுவிட்டால் அது உரிமை கேட்காது. குழந்தை என்றுவிட்டால் அது எதிர்த்துப் பேசாது. இரண்டையும் இணைத்து ஒரே சொல்லாக்கிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்!

“எப்படியாயினும், காப்பகம் பாதுகாப்பு அல்லவா?” என்று நல்லவர்களும் கேட்கிறார்கள். பெற்றோரின் அச்சம் பொய்யல்ல. அதை எள்ளி நகையாட நாம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். 1994-ல், மராட்டியத்தின் ஷிரூரில், அரசு காப்பகத்தில் இருந்த பெண்களைப் புனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருப்பையை அறுத்தெடுத்தார்கள். நோயா? இல்லை. மாதவிலக்கு நாட்களில் அவர்களைத் துப்புரவாக வைத்திருப்பது தொல்லையாம்! சண்டிகரில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்ணொருத்தி அரசின் காவலில் இருந்தபோதே வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றாள். அவள் மறுத்தும், கருவைக் கலைத்துவிட அனுமதி கேட்டு நீதிமன்றம் ஏறியது நிர்வாகம். உயர்நீதிமன்றம் இசைந்தது. 2009-ல் உச்சநீதிமன்றம்தான் தடுத்து, வயது வந்தவளின் சம்மதமின்றி அவள் உடலைத் தொடாதே என்றது. சுவர் இருந்தது, காவல் இருந்தது, பூட்டு இருந்தது. உள்ளே இருந்தவளுக்கு அவற்றால் விளைந்த பாதுகாப்பு இவ்வளவுதான்!

வீட்டுக்கும் காப்பகத்துக்கும் வேறுபாடு காண ஆராய்ச்சி வேண்டாம். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டின் தாழ்ப்பாள் உட்புறம். வாழ்பவன் போடுகிறான், வாழ்பவனே திறக்கிறான். காப்பகத்தின் தாழ்ப்பாள் வெளிப்புறம்.

“அதெல்லாம் மேல்நாட்டுக்குச் சரி; அவர்கள் பண்பாடு வேறு” என்பார்கள். அந்தப் பண்பாட்டைச் சற்றே கிளறிப் பார்ப்போமா? ஸ்வீடனிலே, லுண்ட் நகரத்து விப்பெஹோல்ம் காப்பகத்தில், 1940-களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பற்சிதைவுக்குச் சர்க்கரைதான் காரணமா என்று காண வேண்டும். எலிகள் வேண்டாம், இதோ எதிர்க்கத் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்று, பல்லிலே ஒட்டிக்கொள்ளும்படி தனியே செய்த மிட்டாயை அவர்களுக்கு நாள்தோறும் ஊட்டினார்கள். பற்கள் அழுகின. கண்ட உண்மையைக் கொண்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் மிட்டாய் தின்னுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னார்கள். ஊர்ப் பிள்ளைகளின் பற்கள் பிழைத்தன. விலை கொடுத்தவர்களை எவரும் கேட்கவில்லை.

அதே ஸ்வீடன்தான், 1994 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் வழியே, துணையாளும் தங்குமிடமும் இவர்களின் உரிமை என்று ஏற்றது. 1997-ல் இன்னொரு சட்டம் இயற்றி, 1999 முடிவதற்குள் பெருங்காப்பகங்களை மூடிவிட முனைந்தது. கங்கையில் குளித்தா திருந்தினார்கள்? போராடினார்கள், சட்டம் செய்தார்கள், பணம் ஒதுக்கினார்கள்.

அமெரிக்காவும் அப்படியே. 4,000 பேருக்குக் கட்டிய நியூயார்க்கின் வில்லோபுரூக்கில் 1965-ல் 6,000-க்கு மேற்பட்டோரை அடைத்திருந்தார்கள். 1972-ல் தொலைக்காட்சி அந்த அவலத்தை ஊரறியச் செய்தது. 1987-ல் அது மூடப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்து லோயிஸ் கர்ட்டிஸ் என்ற கறுப்பினப் பெண், வெளியே வாழத் தகுதியுடையவள் என்று மருத்துவர்களே சொல்லியும் அடைத்து வைக்கப்பட்டாள். வழக்குத் தொடுத்தாள். காரணமின்றி ஒதுக்கி அடைப்பதே பாகுபாடு என்று 1999-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ல் அவள் தீட்டிய ஓவியம் வெள்ளை மாளிகையில் ஒபாமாவின் கையில்! உள்ளேயே இருந்திருந்தால் அவளும் யாரோ ஒருவரின் பிறந்த நாளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

துணையுள்ள வீடு என்பது விந்தையான ஏற்பாடல்ல. சாதாரணத் தெருவிலே, சாதாரண வீடு. மூவரோ நால்வரோ சேர்ந்து, அல்லது ஒருவர் தனித்து. காலையில் துணையாள் வருவார். குளிக்கத் துணை வேண்டியவருக்குக் குளியலில், பேருந்து ஏற வேண்டியவருக்குப் பேருந்தில். படம் பார்த்துச் சமைக்கப் பழக்குவார். சில்லறை எண்ணும்போது அருகே நிற்பார். இரவுத் துணை தேவைப்படுவோருக்கு இரவிலும் ஆள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வீட்டுக்கு உரியவரும் துணை தருபவரும் ஒருவராகவே இருக்கலாகாது. இருந்தால், துணையாளோடு சண்டை வந்த அன்றே பாய் படுக்கையோடு தெருவில் நிற்க நேரும். அதன்பின் எந்தச் சுதந்திரன் வாய் திறப்பான்?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவிலே, சமுதாயத்தில் வாழும் உரிமையை எழுதி வைத்தது. எழுதிய கையோடு, அதற்கான துணைப்பணிகளைத் தர அரசு “முயல வேண்டும்” என்றது! வரி கட்ட நாம் முயன்றால் போதுமா? வாடகை கொடுக்க முயன்றால் வீட்டுக்காரர் விடுவாரா? ஏழைக்கும் இயலாதவனுக்கும் எழுதும்போது மட்டும் பேனா முனை இப்படி மழுங்குகிறதே, ஏன்?

இளைஞர்களே, வேலை உங்கள் தெருவிலேயே இருக்கிறது. “இப்படிப்பட்டவர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை” என்று அடுக்குமாடிச் சங்கம் தீர்மானம் போடும் கூட்டத்திலே எழுந்து நில்லுங்கள். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரியும் தொண்டு நிறுவனத்தாரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் அமர வேண்டும். வயது வந்தவருக்குக் காப்பாளரை நியமிப்பது அந்தக் குழு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதற்கு எழுதுங்கள். இதுவரை எத்தனை பேருக்குக் காப்பாளர் நியமித்தீர்கள்? அவர்களுள் எத்தனை பேரிடம் நேரில் பேசினீர்கள்? காப்பாளர் ஒப்படைத்த சொத்துக் கணக்கு எங்கே? காப்பகத்தை விட்டுத் தெருவிலுள்ள வீட்டுக்கு வந்தவர் எத்தனை பேர்? மனுவின் மேல் ஒட்டப் பத்து ரூபாய் வில்லை போதும்.