லாட்ஜ் வைத்தியருக்கு விட்டுக்கொடுத்த பாடத்தை மைதானத்துக்குக் கொண்டு வாங்க!

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர்ல அந்த நோட்டீஸை எல்லாரும் பார்த்திருப்பீங்க. இளமையில் செய்த தவறா, ஆண்மைக் குறைவா, வைத்தியர் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்குகிறார். எங்க செட்டுப் பசங்களுக்கு உடம்பைப் பற்றிக் கிடைச்ச முதல் பாடப்புத்தகம் அதுதான். அடுத்தது செல்போன். பத்தாம் வகுப்பு அறிவியல்ல இனப்பெருக்கப் பாடம் வந்தப்போ, "இதை வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு வாத்தியார் பக்கத்தைத் திருப்பிட்டார்.

கோடைகால ஃபுட்பால் முகாம்ல இனப்பெருக்க நலம் பற்றியும் பையன்களிடம் பேசணும்னு சொன்னா, உடனே "பந்து விளையாட வந்த பசங்களுக்கு ஆபாசப் பாடமா, கலாச்சாரம் என்ன ஆகுறது"ன்னு கொடி பிடிச்சு வர்றவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சம்பவம். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். எங்க டீம் லெஃப்ட் பேக்குக்கு ஒரு நாள் ராத்திரி விரையில் தாங்க முடியாத வலி. சாயங்காலம் பிராக்டீஸ்ல பந்து பட்டிருக்கும்னு நினைச்சான். வார்டன்கிட்ட போய் வயித்து வலின்னு சொன்னான். அவர் ஜெலுசில் கொடுத்துப் படுக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த என்கிட்டகூட அவன் உண்மையைச் சொல்லல. சொல்ல வார்த்தை இல்ல! அந்த உறுப்புக்கு நாங்க திட்டுறப்போ சொல்ற கெட்ட வார்த்தையைத் தவிர வேற பேர் எங்க யாருக்குமே தெரியாது.

காலையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். விரைக்கு ரத்தம் கொண்டுபோற கொடி முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னிருந்தது. வலி ஆரம்பிச்ச சுமார் ஆறு மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் காப்பாத்திடலாம். விடலைப் பசங்களுக்குத்தான் இது அதிகம், தூக்கத்துலகூட வரும்னு டாக்டர் சொன்னார். இவன் விஷயத்துல நேரம் கடந்துபோச்சு. ஒண்ணை எடுத்துட்டாங்க. மீதி இருக்கிற ஒண்ணே போதும், குழந்தை பிறக்க எந்தத் தடையும் இல்லைன்னு அவர் தெளிவாவே சொல்லி அனுப்பினார். அப்பவும் பயத்துல நோட்டீஸ் ஒட்டின ஒரு லாட்ஜுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போய், செமஸ்டர் ஃபீஸுக்கு வெச்சிருந்த காசை லேகியத்துக்குக் கொட்டிட்டு வந்தான்.

இதுல ஆபாசம் எங்கே இருக்கு? "அங்க திடீர்னு வலிச்சா வெட்கப்படாம உடனே சொல்லுங்கடா"ன்னு ஒரு கோச் ஒரு தடவை சொல்லியிருந்தா போதும். ஒரே ஒரு வரி.

ஏன் மைதானம்னு கேட்பீங்க. அப்பாகிட்ட பேசாத பையன் கோச் பேச்சைக் கேட்பான். இது எங்க ஐடியாவும் இல்ல. ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரத்துல 2002-லேயே ஆரம்பிச்சது. அப்போ அந்த நாட்டுல பெரியவங்கள்ல ஐந்தில் ஒருத்தருக்கு மேல எச்.ஐ.வி. அந்த ஊர் ஹைலேண்டர்ஸ் கிளப்புக்கு ஆடின டாமி கிளார்க், மெதெம்பே இன்ட்லோவு, இன்னும் சில நண்பர்கள் சேர்ந்து கிராஸ்ரூட் சாக்கர்னு ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. பாடம் ரொம்ப சிம்பிள். மைதானத்துல கோன்களை வரிசையா வைப்பாங்க. ஒவ்வொரு கோனும் ஒரு ஆபத்து: பாதுகாப்பில்லாத உறவு, குடி, பல துணைகள். பந்தை உருட்டிட்டுப் போறப்போ கோன்ல இடிச்சா தண்டால் எடுக்கணும். அடுத்த சுற்றுல ஒருத்தன் இடிச்சா அவன் டீமே எடுக்கணும். ஒருத்தனுக்கு வர்ற நோய் அவனோட நிக்காதுங்கிறது பையனுக்குக் கை வலிக்க வலிக்கப் புரியும். எந்த பவர்பாயிண்டும் இதைச் செய்யாது (நானே நிறைய பண்ணியிருக்கேன், தெரியும்).

ஆண்களுக்கு முனைத்தோல் நீக்கினா பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. பரவுற வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறையுதுன்னு ஆய்வுகள் சொன்னதால, 2007-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த மாதிரி நாடுகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. புலவாயோ பசங்க பயந்தாங்க. அதே சிகிச்சை செஞ்சுக்கிட்ட கோச்சே வந்து வலிச்சுதா, எத்தனை நாள் ஆச்சு, எல்லாத்தையும் தன் கதையா சொன்னார். அதுக்கப்புறம் பசங்க கிளினிக்குக்குப் போனாங்க. அந்தச் சிகிச்சை நமக்கு வேணும்னு சொல்ல வரல. தன் கதையை வெட்கமில்லாம சொல்ற ஒரு ஆண் நமக்கு வேணும்.

நம்ம நாட்டுல என்ன நடந்தது? 2007-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்பட பல மாநிலங்கள் தடை செஞ்சாங்க. காரணம்? அதே கலாச்சாரம்தான்!

அந்த மௌனத்தோட பில்லைக் கட்டுறது யார் தெரியுமா? நம்ம அக்கா, அண்ணி, அம்மா. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட பெண்கள் 37.9 சதவீதம். ஆண்கள் 0.3 சதவீதம். ஆணுக்கு அது தழும்புகூடப் பெருசா தெரியாத சின்ன சிகிச்சை, அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம், ஆண்மைக்கு ஒண்ணும் ஆகாது. எமர்ஜென்சி காலத்துல 1976-77-ல் மிரட்டியும் கட்டாயப்படுத்தியும் லட்சக்கணக்கான ஆண்களுக்கு அதைச் செஞ்சாங்க. அந்த பயம் இன்னும் போகல. பயத்தைப் போக்க வேண்டிய பேச்சையும் நாம பேசல.

நம்ம கோரிக்கை இதுதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வருஷா வருஷம் கோடையில மாவட்ட மைதானங்கள்ல முகாம் நடத்துது. கோச் இருக்கார், பசங்க இருக்காங்க, மைதானம் இருக்கு. வாரத்துல அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை வெச்சு முதல்ல கோச்களுக்கே வகுப்பு எடுங்க. ஆமா, "பொம்பள மாதிரி ஓடாதடா"ன்னு கத்துற கோச்சுக்குத்தான் முதல் வகுப்பு. பேச்சு எப்பவும் திறந்த வெளியில, எல்லார் முன்னாடியும், இன்னொரு பெரியவரை வெச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். பெற்றோருக்கு முன்கூட்டியே என்ன பாடம்னு எழுதிக் கொடுங்க, ஒளிக்க ஒண்ணுமில்ல.

எதிர்க்கிறவங்க கமெண்ட்ல வாங்க, பதில் சொல்றோம். ஆனா வர்றதுக்கு முன்னாடி உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் சுவரை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வாங்க.

தோழர்களே, உங்க ஏரியா கோச்சை இந்தப் பதிவுல டேக் பண்ணுங்க.

- தகவல் தொழில்நுட்ப அணி