ஆறின புண்ணில் என்ன வலி?

ஆபரேஷன் நடந்து ஐந்து வருஷம், பத்து வருஷம் ஆன பிறகும் தழும்பு வலிக்கிறது என்று சொல்லும் பெண்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: எந்த இடம் என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடியுமா? பலர் யோசிக்காமல் காட்டிவிடுகிறார்கள். சிசேரியன் தழும்பின் ஓரம், இடுப்பெலும்பைப் பார்த்த முனை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தால் அங்கேதான் சுருக்கென்கிறது. சுற்றியுள்ள தோல் மரத்துக் கிடக்க, ஒரு புள்ளி மட்டும் எரிகிறது. இவ்வளவு துல்லியமாகச் சொல்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் பதில்: "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தாம்மா இருக்கும்."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அடிவயிற்றில் குறுக்காகப் போடும் இந்த வெட்டை ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் ஃபானென்ஸ்டீல் 1900-இல் விவரித்தார். பலமாக ஆறும், வெளியில் தெரியாது என்பதால் உலகமே அதை எடுத்துக்கொண்டது. ஆனால் அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் உணர்ச்சி தரும் இரண்டு மெல்லிய நரம்புகள் அந்த வெட்டின் இரு முனைகளை ஒட்டித்தான் ஓடுகின்றன. அவை தையலில் மாட்டிக்கொள்ளலாம், தழும்புத் திசுவுக்குள் சிக்கி நெரிபடலாம். அறுபட்ட நரம்பு மறுபடி வளரப் பார்த்து, வழி கிடைக்காமல் சிறு முடிச்சாகத் திரண்டு, தொட்டாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்கூட வேண்டியதில்லை. கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926-இல் சொன்ன சோதனை இன்றும் போதும். மல்லாந்து படுக்க வைத்து வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தி, தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார்கள். வயிற்றுத் தசை இறுகும்போது வலி குறைந்தால் கோளாறு உள்ளே இருக்கலாம். அப்படியே இருந்தாலோ கூடினாலோ, வயிற்றுச் சுவரிலேயே இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தப் புள்ளியில் கொஞ்சம் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பது அடுத்த படி. வருஷக்கணக்காக இருந்த வலி சில நிமிஷங்களில் அடங்கினால், நரம்புதான் காரணம் என்பது ஏறக்குறைய உறுதி.

எல்லா வலிக்கும் நரம்பே காரணமல்ல. மாதவிலக்கையொட்டித் தழும்பில் ஒரு கட்டி வீங்கி வலித்துப் பிறகு அடங்கினால், கர்ப்பப்பையின் உள்படலத் திசு அந்தத் தழும்பில் தங்கி வளர்ந்திருக்கக்கூடும். அதைத் தையல் கட்டி என்று விட்டுவிடுகிறார்கள். நாள் கணக்கைக் கேட்டாலே பிடிபட்டுவிடும். இருமும்போது தழும்பருகே புடைத்தால் குடலிறக்கமா என்று பார்க்க வேண்டும். அந்தப் புடைப்பு கல்லாக இறுகி உள்ளே போகாமல் வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லேப்ராஸ்கோபி துளை ஆறி வாரங்கள் கழித்து முடிச்சுக் கட்டி நீர் வடிந்தால், வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத ஒருவகைக் கிருமியாக இருக்கலாம். கல்ச்சர் எடுக்காமல் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

கர்ப்பப்பை எடுத்த என் பெரியம்மாவுக்குத் தொப்புளுக்குக் கீழே நெட்டுக்குத்தான தழும்பு. பாவாடை நாடா பட்டாலே எரியும். டாக்டரிடம் காட்டலாம் என்றால், "ஆறின புண்ணுல என்னடி வைத்தியம்?" என்பார். அவர் மட்டுமல்ல, படித்தவர்களும் தழும்பு என்றால் கதை முடிந்த இடம் என்றே நினைக்கிறார்கள். அப்படியில்லை என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 1740-களில் ஆன்சன் என்ற கடற்படைத் தளபதியின் தலைமையில் உலகைச் சுற்றிய ஆங்கிலேயக் கப்பலில் ஒரு பழைய சிப்பாய் இருந்தார். 1690-இல் பாயின் போரில் பட்ட காயம் அவருக்கு எப்போதோ ஆறிவிட்டது. கடலில் ஸ்கர்வி நோய் கண்டதும், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் காயம் ஒருபோதும் ஆறாததுபோல் மறுபடி திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. தழும்பில் உள்ள கொலாஜன் ஓயாமல் கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. கட்ட வைட்டமின் சி வேண்டும். அது இல்லாதபோது கரைவது மட்டும் நடக்கிறது. தழும்பு உயிருள்ள திசு. அது முதிரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். அப்போதும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாது.

வலியைப் பொறுத்துக்கொள்பவளை நாம் மெச்சுகிறோம். "பிள்ளை பெத்தவளுக்கு இது ஒரு வலியா" என்கிறோம். இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் கடுமையான வலியோடு கிடந்தவர்களுக்கே நாள்பட்ட வலி வரும் வாய்ப்பு அதிகம் என்பது தெளிவாகியிருக்கிறது. 1998-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, வலி சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஆபரேஷனைக் காரணமாகச் சொன்னார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, ஆபரேஷனுக்குப் பின் 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். எத்தனை வீடுகளில் இந்த வலி பேசப்படாமல் இருக்கும்!

சிகிச்சை எப்போதும் கத்தியல்ல. மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போடும் ஊசியிலேயே பலருக்குக் குறைகிறது. தடித்து அரிக்கும் தழும்புக்கு சிலிகான் ஷீட் உண்டு. அளவுமீறி வளரும் கெலாய்டு தழும்பை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும் என்பதால் ஊசியும் சேர்த்தே கொடுக்கிறார்கள். நரம்பு வலிக்குப் பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் யாராவது "இது மனசுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்று சொல்லிவிட, அதோடு நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதே மாத்திரை நரம்பின் வலிச் செய்தியையும் தணிக்கிறது. எழுதும் டாக்டரும் அதை ஒரு வரியில் சொல்லி அனுப்ப வேண்டும்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். வலி எப்போது வருகிறது, மாதவிலக்கோடு ஒட்டி வருகிறதா, எந்த அசைவில் கூடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு அறுவைப் பிரிவுக்குப் போங்கள். சில மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையினரே வலி சிகிச்சைப் பிரிவும் நடத்துகிறார்கள், அங்கும் கேட்கலாம். படுக்க வைத்து, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.