பாட்டை அடுக்க எந்த மென்பொருள்? லினக்ஸ்காரர்களுக்கு ஒரு யோசனை

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் ஒரு வீட்டுக் கணினியில் பாட்டுகள் எப்படிக் கிடக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஜோசியம் எல்லாம் வேண்டாம். 'சாங்ஸ்' என்று ஒரு போல்டர். அதற்குள் 'நியூ சாங்ஸ்'. அதற்குள் 'நியூ போல்டர் 2'. அதற்குள் 'ராஜா ஹிட்ஸ்', 'அப்பா பாட்டு', அப்புறம் 'ட்ராக் 01' முதல் 'ட்ராக் 14' வரை. எம்பி3 சிடியிலிருந்தும், நண்பனின் பென் டிரைவிலிருந்தும், பழைய கேசட்டிலிருந்தும் வருஷக்கணக்கில் சேர்ந்தவை. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய கணினி ஒன்றை வாங்கி வந்து லினக்ஸ் போட்டுப் பார்க்கிற மாணவன் சீக்கிரமே கேட்கிற கேள்வி இது: "இதையெல்லாம் அடுக்க எந்த மென்பொருள் நல்லது?"

அமரோக் என்பார் ஒருவர். ரிதம்பாக்ஸ் என்பார் இன்னொருவர். "டெர்மினலில் ஒரு வரி அடித்தால் போதுமே" என்பார் மூன்றாமவர். பதில்களில் தப்பில்லை, கேள்வியில்தான் கோளாறு. எது அழகாக இருக்கிறது, எது வேகமாக ஓடுகிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்த மென்பொருள் ஒருநாள் இல்லாமல் போனால், உட்கார்ந்து அடுக்கியது மிஞ்சுமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இல்லாமல் போகுமா என்று சந்தேகப்படுபவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டலாம். 2000களின் நடுவில் லினக்ஸில் பாட்டு என்றால் அமரோக்தான். 2006இல் வந்த அதன் 1.4 பதிப்பை இன்றும் புகழ்பவர்கள் உண்டு. 2008 டிசம்பரில் 2.0 என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். பழகிய வசதிகள் பல காணாமல் போயின. பொறுக்க மாட்டாதவர்கள் அந்த 1.4ஐ அடிப்படையாக வைத்து 2010இல் கிளெமென்டைனைக் கொண்டுவந்தார்கள். அதன் வளர்ச்சி மந்தமானதும் 2018இல் அதிலிருந்து ஸ்ட்ராபெரி பிரிந்தது. இதற்கிடையில் உபுண்டு, 2011இல் ரிதம்பாக்ஸை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் பான்ஷீயை உட்கார வைத்தது. 2012இல் பான்ஷீயை எழுப்பிவிட்டு மறுபடி ரிதம்பாக்ஸ். பான்ஷீயின் வேலை பிறகு நின்றே போனது. அமரோக்கோ பல வருட மௌனத்துக்குப் பிறகு 2024இல் 3.0 ஆக எழுந்து வந்தது.

யாரையும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்கள். படிப்பு முடியும், வேலை மாறும், குழந்தை பிறக்கும். மூல நிரல் திறந்திருப்பதால் வேறு யாராவது எடுத்துத் தொடர முடிகிறதே, அதுவே பெரிய விஷயம். ஆனால் நிரலைத் தொடர ஆள் இருப்பது வேறு, ஒரு வீட்டின் பாட்டுப் பட்டியல் பத்திரமாக இருப்பது வேறு.

பாட்டைப் பற்றிய தகவல் இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, பாட்டுக் கோப்புக்குள்ளேயே, 'டேக்' என்ற பகுதியில். இன்னொன்று, மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தில். உதாரணத்துக்கு ரிதம்பாக்ஸில் பாட்டின் பெயரைத் திருத்தினால் அது கோப்புக்குள் போய்விடும். ஆனால் போட்ட நட்சத்திரங்கள், எத்தனை முறை கேட்டது, கோத்த பட்டியல்கள் எல்லாம் வீட்டு அடைவுக்குள் '.local' என்ற மறைந்த போல்டரில் தனியாக உட்கார்ந்திருக்கும். அவசரத்துக்கு 'மியூசிக்' போல்டரை மட்டும் காப்பி செய்பவன் அதை விட்டுவிடுவான். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அவசரம் எப்போது வரும் என்று அடையாற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் ஆறு பெருகி அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கம் தெருக்களில் புகுந்தது. விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது. அந்த மாதிரி நேரத்தில் கீழ்வீட்டுக் கணினியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு யாரும் ஓட மாட்டார்கள். வேறு ஊரில் மாமா வீட்டுக்குக் கொடுத்த பென் டிரைவில் என்ன இருக்கிறதோ அதுதான் மிச்சம். கோப்புக்குள் எழுதப்பட்ட பெயர் அங்கேயும் இருக்கும். மென்பொருளின் கணக்குப் புத்தகத்தில் எழுதியது தண்ணீரோடு போயிருக்கும்.

ஆக, முதல் விதி: கோப்புக்குள் எழுதுகிற மென்பொருளை எடு. ஸ்ட்ராபெரி, குவாட் லிபெட் இரண்டிலும் நட்சத்திரத்தைக்கூட டேக்கிலேயே சேமிக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அமைப்புகளில் தேடி ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது விதி தமிழ்க்காரர்களுக்கே உரியது. இந்த மென்பொருள்களை எழுதியவர்கள் மனதில் இருக்கும் உலகம் எளிமையானது: ஒரு கலைஞர், அவருக்குச் சில ஆல்பங்கள், ஆல்பத்துக்குள் பாட்டுகள். தமிழ் ரசிகன் அப்படியா தேடுகிறான்? படம் எது, மியூசிக் யார் என்றுதான் கேட்பான். 'கலைஞர்' என்ற கட்டத்தில் பாடகரைப் போட்டால் ஒரே படம் ஏழெட்டுத் துண்டாகச் சிதறும். எஸ்.பி.பி. பெயருக்குக் கீழே ஆளுக்கு ஒரு பாட்டோடு நூற்றுக்கணக்கான ஆல்பங்கள் நிற்கும். படப் பெயரை மட்டும் நம்பினால் இன்னொரு கூத்து. எம்.எஸ்.வி. இசையமைத்த 1980 'பில்லா'வும் யுவன் இசையமைத்த 2007 'பில்லா'வும் ஒரே ஆல்பமாக ஒட்டிக்கொள்ளும். 'பொல்லாதவன்' கதையும் அதுவே: 1980இல் எம்.எஸ்.வி., 2007இல் ஜி.வி.பிரகாஷ்.

கோப்பு வடிவத்தின் மேல் பழி போடலாமா? முழுதாக முடியாது. 1996இல் வந்த ஐடி3 முதல் பதிப்பு கஞ்சத்தனமானதுதான். மொத்தம் 128 பைட். பெயருக்கு 30 எழுத்து. 'எம்.எஸ்.விஸ்வநாதன், டி.கே.ராமமூர்த்தி' என்று இனிஷியலோடு ஆங்கிலத்தில் எழுதினால் ராமமூர்த்தியின் வால் அறுந்துவிடும். இசை வகைகளுக்கு 80 எண்கள் கொடுத்தார்கள். அதில் போல்காவுக்கு இடம் உண்டு, கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. ஆனால் 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம், பாடலாசிரியருக்குத் தனிக் கட்டம், யூனிகோட் எழுத்து எல்லாம் வந்துவிட்டன. கண்ணதாசனுக்கும் வைரமுத்துவுக்கும் கோப்புக்குள் இடம் இருக்கிறது. அதைக் காட்டத்தான் பல மென்பொருள்களுக்கு மனசில்லை.

இந்தச் சோதனையை வைத்தால் பந்தயம் சுலபமாகிவிடும். ரிதம்பாக்ஸின் மேல் பட்டைகள் வகை, கலைஞர், ஆல்பம் என்று நிற்பவை. பாட்டு கேட்க மட்டும் போதும் என்பவர்களுக்குச் சரி. ஸ்ட்ராபெரியில் தொகுப்பை இசையமைப்பாளர், வருடம், படம் என்று அடுக்கிக் காட்டச் சொல்லலாம். புதிதாக லினக்ஸ் வந்தவர்களுக்கு இதுவே போதும். குவாட் லிபெட் பார்க்கக் கொஞ்சம் வறட்சி. ஆனால் எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் பட்டையாக வைத்துக்கொள்ளலாம். பாடலாசிரியரைத் தட்டினால் அவர் எழுதியவை மட்டும் வரும். தியாகராஜர் என்று தட்டி, ஒரே கிருதியை யார் யார் பாடியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். தமிழ் வீட்டுக்கு முதல் பரிசு இதற்குத்தான். மொத்தமாக டேக் திருத்த கிட்3 இருக்கிறது.

மூன்றாவது விதி: எழுத்துக்கூட்டல். இளையராஜாவை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'எல்' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு 'எல்', மூன்றாமவர் கடைசியில் கூடுதலாக ஒரு 'ஏ'. கணினிக்கு அவர்கள் மூன்று தனி ஆட்கள். தமிழிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு ஒழியும். பழைய கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத் தெரியுமே என்றால், தெரியும்தான். அதற்காக ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை, ஒரே மாதிரி எழுத வேண்டும். இன்னொரு வழி: 'ஆல்பம் கலைஞர்' என்ற கட்டத்திலும் இசையமைப்பாளர் பெயரையே போட்டு, படப் பெயரோடு வருடத்தையும் சேர்த்துவிடுவது. பிறகு எந்த மென்பொருளுக்கு மாறினாலும் படம் சிதறாது, பில்லாக்கள் சண்டை போட மாட்டார்கள்.

"மியூசிக்பிரெய்ன்ஸ் தானாகவே டேக் போட்டுவிடுமே?" போடும், அங்கே தகவல் இருந்தால். பழைய தமிழ்ப் படங்கள் எல்லாம் முழுமையாக அங்கே இல்லை. இல்லாததை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதுதான் அதன் சிறப்பே. சேர்க்க வேண்டியவர்கள் தமிழர்கள்தானே?

"செல்போனில் தட்டினால் பாட்டு வருகிறது, இந்த மெனக்கெடல் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான். ஆனால் 2024இல் ஏர்டெல்லின் விங்க் மியூசிக் மூடப்பட்டது. அதில் உட்கார்ந்து கோத்த பட்டியல்கள் யாருடையவை? வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்த மாதிரி. தவிர, பாட்டி கேசட்டில் பாடிவைத்த தாலாட்டும், ஊர்த் திருவிழாக் கச்சேரியும் எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் கிடைக்காது. அவற்றுக்குப் பெயர் எழுதக்கூடிய ஆட்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். 'ட்ராக் 07'இல் பாடுவது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். அவருக்குப் பிறகு எந்த மென்பொருளைக் கேட்டும் பயனில்லை.

எனவே வசதிப் பட்டியல்களை ஒப்பிட்டுக்கொண்டு ஒரு மாதம் ஓட்ட வேண்டாம். ஸ்ட்ராபெரியோ குவாட் லிபெட்டோ, ஏதாவது ஒன்றை இன்றைக்கே போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்துப் படத்துக்கு டேக் எழுதினால் போதும். எழுதியதை இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து, வேறொரு வீட்டில், முடிந்தால் மாடியில் வைத்துவிட வேண்டும்.